சமையல் எண்ணெயில் தன்னிறைவா? இன்னும் இல்லை

"சமையல் எண்ணெயில் இந்தியா தன்னிறைவு பெற்றுவிட்டது, வெளிநாட்டில் எது நடந்தாலும் இனி விலை ஏறாது" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. நம் தேவையில் பாதிக்கும் மேல் இன்றும் கப்பலில்தான் வந்து இறங்குகிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு வாங்கும் அந்த ஒரு லிட்டர் பாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாமாயில்! நாட்டுக்குள் வரும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசிய, மலேசியத் தோட்டங்களில் விளைந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கோ ரஷ்யாவையும் உக்ரைனையும் நம்பியிருக்கிறோம். 2022இல் அங்கே போர் மூண்டது; ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. அந்த விலையேற்றம் நம் அடுப்படி வரை வந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

நிலக்கடலைக்கும் எள்ளுக்கும் கட்டுப்படியான விலை கேட்கும் உழவர்களுக்கு இந்தப் பொய் பெருங்கேடு; தன்னிறைவு வந்துவிட்டதென்று நம்பினால் அவர்கள் கோரிக்கையை யார் காதில் வாங்குவார்? ஒன்றிய அரசு 2024இல் அறிவித்த எண்ணெய்வித்து இயக்கத்தின் இலக்கே, 2030-31க்குள் தேவையில் 72 சதவீதத்தை உள்நாட்டில் எட்டுவதுதான்.