இடிந்த கோபுரமும் அதைக் காக்கும் சங்கமும்

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஷோர்ஹாம் என்னும் சிற்றூரில், செங்கல்லால் கட்டப்பட்ட பழைய ஆய்வகம் ஒன்று நிற்கிறது. மின்பொறியாளரும் கண்டுபிடிப்பாளருமான நிகோலா டெஸ்லா 1901-இல் கட்டத் தொடங்கிய வார்டன்கிளிஃப் ஆய்வகம் அது. அவர் பணியாற்றிய ஆய்வகங்களுள் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதை விலைக்கு வாங்கிக் காத்துவருவது அரசும் அன்று, பெருநிறுவனமும் அன்று. இலாப நோக்கற்ற ஒரு சங்கம். சில ஆண்டுகளாக அந்தச் சங்கத்தின் பணியைத் தொலைவிலிருந்தே கவனித்து வருகிறேன். அதன் மீது எனக்கு மதிப்பு மிகுதி. ஆனால் அது செய்தாக வேண்டிய முதல் வேலை, டெஸ்லாவைப் பற்றிய கட்டுக்கதைகளைக் களைவது; அதற்குப் பணம் கொடுத்தவர்களுள் பலருக்குப் பிடிக்காத வேலை அது என்பதே என் கருத்து.

இப்படி ஒரு சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய எடிசனை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகள் பெற்ற அவருக்கு நிறுவனங்கள் இருந்தன, குடும்பம் இருந்தது, ஹென்றி ஃபோர்டு போன்ற நண்பர் இருந்தார். மென்லோ பார்க் ஆய்வகத்தை ஃபோர்டு தன் செலவில் டியர்பார்னில் மறுபடியும் எழுப்பி, 1929-இல், எடிசன் உயிரோடு இருக்கும்போதே திறந்துவைத்தார். வெஸ்ட் ஆரஞ்சு ஆய்வகத்தை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. அவருடைய தாள்கள் ஏறத்தாழ 50 இலட்சம் பக்கங்கள் என்கிறார்கள். அவற்றைத் தொகுக்கவே ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் தனித் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

டெஸ்லாவுக்கு இவற்றில் ஒன்றும் வாய்க்கவில்லை. 1943 ஜனவரி 7 அன்று நியூயார்க்கர் ஹோட்டலின் 3327-ஆம் அறையில் அவர் தனியாக இறந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை, அவர் பெயரில் நிலைத்து நின்ற நிறுவனமும் இல்லை. 1891-லேயே அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டவருடைய உடைமைகளை, அயல்நாட்டார் சொத்துகளைக் கவனிக்கும் அலுவலகம் எடுத்துக்கொண்டது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. யூகோஸ்லாவியத் தூதராக இருந்த அவருடைய சகோதரி மகன் சாவா கோசனோவிச்சின் முயற்சியால்தான் அந்தப் பெட்டிகள் பின்னர் பெல்கிரேடு சென்றன. 1952-இல் அங்கே அருங்காட்சியகம் அமைந்தது. அதில் உள்ள ஏறத்தாழ 1,60,000 ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. ஆக, தாள்கள் ஐரோப்பாவுக்குப் போயின. அமெரிக்காவில் மிஞ்சியது கட்டடமும் மண்ணும்.

அந்த மண்ணும் நல்ல நிலையில் இல்லை. கட்டடத்தை வடிவமைத்தவர் அக்காலத்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு ஒயிட். அதன் அருகே ஏறத்தாழ 187 அடி உயரத்தில், காளான்போலத் தலை விரிந்த கோபுரம் ஒன்று எழுந்தது. வங்கியாளர் ஜே.பி. மார்கன் 1,50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பும் நிலையம் ஒன்றுக்காக. 1901 டிசம்பரில், கம்பியில்லாத் தந்தியில் டெஸ்லாவின் போட்டியாளரான மார்கோனி மிக எளிய கருவிகளைக்கொண்டு கடல் தாண்டிய சமிக்ஞையைப் பெற்றுவிட்டதாக அறிவித்தார். டெஸ்லாவோ தன் திட்டத்தைச் சுருக்காமல் மேலும் விரித்து, செய்தியோடு மின்னாற்றலையும் அனுப்பப் போவதாக மார்கனுக்கு எழுதினார். மேற்கொண்டு பணம் தர 1903-இல் மார்கன் மறுத்துவிட்டார். வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் தங்கியதற்கான பாக்கி ஏறத்தாழ 20,000 டாலராக வளர்ந்து நின்றபோது, அதற்கு ஈடாக 1915-இல் இந்த நிலம் கைமாறியது. 1917-இல் கோபுரத்தைத் தகர்த்து இரும்பாக விற்றார்கள். பின்னாளில் அந்த வளாகத்தில் ஒளிப்படத் தாள் தயாரிக்கும் தொழிற்சாலை இயங்கியது. அது மூடப்பட்டபோது மண்ணில் வெள்ளிக் கழிவும் காட்மியமும் தேங்கியிருந்தன. மண்ணைத் தூய்மைப்படுத்தவே பல ஆண்டுகள் ஆயின.

2009-இல் உரிமையாளரான ஆக்ஃபா நிறுவனம் இடத்தை 16 இலட்சம் டாலர் விலை சொல்லி விற்பனைக்கு விட்டது. அந்தப் பகுதியில் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்று வேண்டும் என்று 1996-லேயே தொடங்கப்பட்டிருந்த சங்கம்தான் இன்றைய வார்டன்கிளிஃப் டெஸ்லா அறிவியல் மையம். அதனிடம் அவ்வளவு பணம் இல்லை. 2012 ஆகஸ்டில் மேத்யூ இன்மன் என்னும் இணையக் கேலிச்சித்திரக்காரர் நிதி திரட்ட அழைப்பு விடுத்தார். 108 நாடுகளிலிருந்து 33,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 13.7 இலட்சம் டாலர் கொடுத்தார்கள். மக்கள் கொடுக்கும் தொகைக்கு இணையாக 8,50,000 டாலர் வரை தானும் தருவதாக நியூயார்க் மாநில அரசு சொல்லியிருந்தது. 2013 மே மாதத்தில் நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியது. சராசரியாகப் பார்த்தால் ஒருவர் கொடுத்தது சுமார் 40 டாலர். ஒரு கோடீஸ்வரரின் கொடையைவிட இந்தச் சிறு தொகைகளே எனக்குப் பெரியனவாகத் தெரிகின்றன. எலான் மஸ்க் 2014-இல் தருவதாக அறிவித்த 10 இலட்சம் டாலரைக் குறைத்துச் சொல்வதற்காக இதைக் கூறவில்லை.

ஆனால் அந்த 33,000 பேரும் எதை நம்பிப் பணம் கொடுத்தார்கள்? என் உறுத்தல் இங்கேதான் தொடங்குகிறது. எடிசனை வில்லனாகவும், டெஸ்லாவை ஏமாற்றப்பட்ட மகானாகவும் வரைந்த கதை ஒன்று அப்போது இணையமெங்கும் உலவியது. நிதி திரண்டதில் அந்தக் கதைக்குப் பெரும் பங்கு உண்டு. உலகம் முழுவதற்கும் இலவச மின்சாரம் தரவிருந்தவரைப் பார்த்து, "மீட்டரை எங்கே பொருத்துவது?" என்று மார்கன் கேட்டுத் திட்டத்தை முடக்கினார் என்பது அதன் உச்சக் காட்சி. நானும் அதை ஒரு காலத்தில் பகிர்ந்தவன்தான். மார்கன் அப்படிக் கேட்டதற்கு எழுத்துச் சான்று எதுவும் கிடையாது. அவர் கடிதத்தில் இருப்பது, இனிப் பணம் தருவதற்கில்லை என்று ஒரு முதலீட்டாளர் கூறும் சாதாரண மறுப்பு. ஒப்புக்கொண்ட திட்டம் ஒன்று, நடந்துகொண்டிருந்தது வேறொன்று என்னும்போது அந்த மறுப்பைச் சதி என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. கோபுரத்தை ஜெர்மானிய ஒற்றர்களுக்கு அஞ்சி அரசே வெடிவைத்துத் தகர்த்தது என்ற கதையும் அப்படித்தான். கடனில் மூழ்கிய இடத்திலிருந்து பழைய இரும்பாவது தேறட்டும் என்று செய்த வேலை அது.

வானொலி வழக்கு இன்னும் நுட்பமானது. 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லாவே என்று தீர்ப்பளித்ததாகப் பலர் எழுதுகிறார்கள். வழக்கு, முதல் உலகப் போரின்போது தன் காப்புரிமைகளை அரசு பயன்படுத்திக்கொண்டதற்கு மார்கோனி நிறுவனம் இழப்பீடு கேட்டுத் தொடுத்தது. அலைவரிசைக்கு இசைவித்தல் தொடர்பான மார்கோனியின் ஒரு காப்புரிமையில் பல கோரிக்கைகள் செல்லாது என்றது நீதிமன்றம். லாட்ஜ், ஸ்டோன், டெஸ்லா ஆகியோரின் முந்தைய பணிகளை அதற்குக் காரணமாகக் காட்டியது. வானொலியை முதலில் வெற்றிகரமாக நடத்திக்காட்டியவர் என்ற மார்கோனியின் பெயர் இவ்வழக்கில் கேள்விக்குள்ளாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாறுதிசை மின்னோட்டத்தையே டெஸ்லா கண்டுபிடித்தார் என்பதும் சரியன்று. அவருடைய பல்கட்ட மோட்டார்க் காப்புரிமைகள் 1888-இல் கிடைத்தன. இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப் புலத்தைத் தன் வழியிலேயே கண்டறிந்து அதே ஆண்டில் வெளியிட்டார். அந்த மோட்டாரின் அழகு இதனால் ஒரு துளியும் குறையவில்லை. சுழலியைத் தொட்டு உரசும் தூரிகை வேண்டாம், தீப்பொறி இல்லை. நிலையாக நிற்கும் சுருள்களில் ஒன்றன்பின் ஒன்றாக எழும் மின்னோட்டமே கண்ணுக்குத் தெரியாத காந்தத்தைச் சுழற்றுகிறது. இதைத் தெளிவாக விளக்கிக் காட்டினால் போதும். அவருக்குப் பொய்ப் புகழ் எதுவும் தேவைப்படாது.

கடினமான உண்மை கோபுரத்தைப் பற்றியது. பூமியையே ஒரு பெரும் கடத்தியாக்கி அதில் மின் அதிர்வை எழுப்பினால், உலகின் எந்த மூலையிலும் ஆற்றலைத் தோண்டி எடுக்கலாம் என்று டெஸ்லா நம்பினார். 1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் செய்த சோதனைகளின் அடிப்படையில் எழுந்த நம்பிக்கை அது. இன்றைய இயற்பியலின்படி அது நடக்காது. ஆற்றல் வழியிலேயே பரவித் தேய்ந்து, தொலைவில் இருப்பவருக்குப் பயன்படும் அளவில் எட்டாது. அப்படியானால் அந்தச் சங்கம் காத்துநிற்பது வெற்றியின் தலத்தை அன்று. ஒரு மேதை தவறாகக் கணித்த இடத்தை. அதனால்தான் அது காக்கத் தகுந்தது என்பேன். வெற்றி பெற்ற ஆய்வகங்களைக் காக்க நிறுவனங்கள் உண்டு. பெரிய தோல்வி எப்படித் தோற்றது, பணம் எங்கே நின்றது, கணக்கு எங்கே பிசகியது என்பதை அது நடந்த மண்ணிலேயே நின்று அறியும் வாய்ப்பு அரிது.

கதைதானே கூட்டத்தைக் கூட்டியது, அதைக் கலைத்தால் நிதி வறண்டுவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. சங்கத்தை நடத்துவோருக்குச் சிலை திறப்பு ஒரு நாள் வேலை. 2013-இல் செர்பியக் குடியரசுத் தலைவர் வந்து அங்கே ஒரு சிலையைத் திறந்துவைத்தார். மற்ற நாளெல்லாம் கூரை, வடிகால், காப்பீடு, அனுமதி மனுக்கள். 2018-இல் இடம் தேசிய வரலாற்றுத் தலங்களின் பதிவேட்டில் சேர்ந்தபோதும் செலவு குறைந்துவிடவில்லை. 2023 நவம்பரில், புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருக்கையிலேயே தீப்பற்றியது. ஒயிட் கட்டிய செங்கல் சுவர்கள் நின்றுவிட்டன. கூரை பெரும் சேதமடைந்தது. 1895-இல் மன்ஹாட்டனில் இருந்த டெஸ்லாவின் ஆய்வகம் ஒரே இரவில் எரிந்து சாம்பலானதை நினைத்தவர்கள் அன்று பலர் இருந்திருப்பார்கள். இந்த நிலையில் கதையை நம்பிக் கொடுப்பவரிடம் போய், "ஐயா, அந்தக் கதை முழு உண்மை அன்று" என்று சொல்வது எளிதன்று என்பதை உணர்கிறேன். ஆயினும் மாணவர்களை அழைத்துவந்து அறிவியல் கற்பிக்க எண்ணும் இடத்தில், மின்சாரத்தைப் பற்றித் தவறாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது. அறிவியலும் அந்தக் கதையும் ஒரே கூரையின் கீழ் இருக்க இயலாது.

கோபுரத்தை மறுபடியும் எழுப்ப வேண்டும் என்ற ஆசை ஆர்வலர்கள் பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோபுரம் நின்ற எண்கோண அடித்தளம் இன்னும் அங்கே இருக்கிறது. ஆய்வகத்தின் வாசலிலிருந்து அதுவரை நடந்துபோய், மேலே வெறும் வானத்தைப் பார்க்கிறவர், இங்கே என்ன இருந்தது, ஏன் இல்லாமற்போனது என்று கேட்பார். அந்த இடத்தில் மார்கனின் மறுப்புக் கடிதத்தின் படியையும், நிலம் கைமாறிய பத்திரத்தின் படியையும், ஆற்றல் ஏன் அப்படிப் பரவாது என்ற எளிய விளக்கத்தையும் வைத்தால் போதும். கூரைக்கு வேண்டிய பணத்தைப் புதிய இரும்புக் கோபுரத்தில் கொட்டாமல் இருந்தால், இந்தப் படிகளையும் கருவிகளையும் நனையாமல் வைக்க அங்கே ஓர் அறையாவது கிடைக்கும்.