அந்தப் பெரியவரை வைத்துச் சிரித்து முடித்தாயிற்றா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்த பசங்கள் எடுத்துப் போட்ட அந்த வீடியோவை, தயவுசெய்து இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து எல்லா வாட்ஸப் குழுவிலும் அதுதான் ஓடுகிறது. முழுவதும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கண்ணாடிப் பாலத்தில் கத்திக்கொண்டே நடந்த அந்த நீளமான பகுதி உட்பட.

சொத்தவிளைக் கடற்கரையில் சாரம் (லுங்கிதான்) கட்டிய ஒரு பெரியவர் “தண்ணி சரியில்ல, ஏறி வாங்க” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இவர்கள் என்ன செய்தார்கள்? அவர் முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் கோமாளி இசை போட்டு, “லோக்கல் அங்கிள் செம காண்டு” என்று கீழே எழுதி வைத்தார்கள். அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள்! அதில் நம் ஊர்க்காரர்கள் போட்டவையும் இருக்கின்றன, பெயர் சொல்லவில்லை.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். அன்றைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. மே மாதத்தில் இங்கே வானம் பளிச்சென்று இருக்கும், காற்றும் பெரிதாக இருக்காது, மழையின் அறிகுறியே தெரியாது. ஆனால் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும். முழங்கால் தண்ணீரில் நின்று செல்ஃபி எடுப்பவனுக்கு அது வருவது தெரியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது அப்படித்தான். கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். அப்போதும் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. அங்கே அடித்த அலை சொத்தவிளைக்கு மட்டும் லீவு விடுமா?

அந்தப் பெரியவர் கத்தியது அதனால்தான். உங்களை விரட்ட அல்ல. உங்கள் அரைக்கால் சட்டையைப் பார்த்துப் பொறுக்காமலும் அல்ல.

எனக்கு அதிகம் எரிச்சல் வந்தது வேறு இடத்தில். இதே வீடியோவில் முதல் நாள் கோவளம் போகிறார்கள் அல்லவா, திருவனந்தபுரத்துக் கோவளம்? அங்கே லைஃப்கார்டு ஒரு விசில் ஊதியதும் நல்ல பிள்ளைகளாக மொத்தப் பேரும் கரையேறிவிட்டார்கள். “சேஃப்டி முக்கியம் மக்களே” என்று நமக்கு உபதேசம் வேறு. யூனிஃபார்ம் போட்டவர் விசில் ஊதினால் பாதுகாப்பு, சாரம் கட்டியவர் வாயால் சொன்னால் காமெடி. இவ்வளவுதான் விஷயம். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

“அங்கே எச்சரிக்கைப் பலகை கண்ணில் படவில்லையே, அவர்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். நியாயம்தான், இன்னும் பெரிதாக வைக்கலாம், லைஃப்கார்டும் போடலாம், அதற்கு நானும் மனு எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பலகையே எழுந்து வந்து கத்தியதே, அதைக் கேட்டார்களா?

“இப்படிப் பேசினால் டூரிஸ்ட் வரமாட்டான்” என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வராவிட்டால் போகட்டும்.

என் அம்மாவின் ஊர் கடற்கரை ஊர். மாமா கட்டுமரத்தில் போனவர். காலையில் எழுந்து சாயா குடிக்கும் முன்பு வாசலில் நின்று கடலைப் பார்ப்பார். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அவர் “இன்னைக்கு வேண்டாம்” என்றால் தெருவில் பலர் போகமாட்டார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை நேரத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் இன்றுவரை எங்கள் ஆட்களின் ஆறாத கோபம். டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா கையில் போட்டோவை வைத்துக்கொண்டு, “ஒருத்தனாவது முன்னாடியே சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாவளே” என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தை கிடைக்காமல் இங்கே எத்தனை வீடுகள் போயிற்று. உங்களுக்கு அது கிடைத்தது, இலவசமாக. அதை வெட்டி ரீல்ஸ் போட்டுவிட்டீர்கள்.

அப்புறம் சாப்பாடு. இதைப் பேசக்கூடாது என்றுதான் நினைத்தேன். “கடலோர ஊரில் ஃப்ரெஷ் மீனே இல்லை, ஏமாத்துறாங்க” என்று ஒரு தீர்ப்பு. தம்பிகளா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை, சின்னமுட்டத்து விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மேற்கே குளச்சல், முட்டம் பக்கம் தடை ஜூன் 1-க்குத்தான் தொடங்கி ஜூலை 31 வரை போகும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். மே மாதம் வந்தால் முட்டத்துக்குப் போய், ஏலம் நடக்கும் இடத்தில் என்ன வந்திருக்கிறது என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கன்னியாகுமரியில் ஏசி ஓட்டலில் உட்கார்ந்து நெய்மீன் வறுவல்தான் வேண்டும் என்றால், ஐஸ் பெட்டியில் இருந்ததைத்தான் எடுத்துத் தருவான்.

அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளை மீன் குழம்பும் சாப்பிட்டீர்களா? நெத்தோலி அவியல்? புளிமுளம்? சாயங்காலம் நாகர்கோவிலில் ரசவடை? மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தாயிற்று, கடைவாசலில் தொங்கும் அந்தக் குலைக்கு முன்னால் நின்றுகொண்டு “இங்க ஸ்பெஷலா ஒண்ணும் இல்ல கைஸ்” என்கிறார் ஒருவர். அக்கானி (பதநீர்) காலத்தில் வந்து கோலா குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பரோட்டா எப்படி என்று மட்டும் விரிவாகச் சொன்னார்கள்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். கடைசியில் சொன்னார்களே, “இது தமிழ்நாடு மாதிரியே இல்லப்பா, கேரளா மாதிரி இருக்கு, ஆளுங்களும் அப்படித்தான்” என்று. குழம்பில் தேங்காய் அரைத்தால் நாங்கள் மலையாளி. திருவனந்தபுரத்தில் பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் பேசினால் ‘பாண்டி’ என்று இளக்காரம். சென்னையில் வாடகைக்கு வீடு கேட்டபோது என் பேச்சைக் கேட்டு “நீங்க கேரளாவா?” என்று ஒரு வீட்டம்மா கேட்டார். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் இது, அதற்காகப் போராடி உயிர்விட்டவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் அந்த அம்மாவிடம் வகுப்பெடுத்துக்கொண்டிருக்க முடியுமா? “ஆமா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

“சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் செய்தது, பெரிதுபடுத்தாதே” என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தப் பெரியவரின் பேரன் அதே வீடியோவைப் பள்ளிக்கூடத்தில் யார் போனிலாவது பார்ப்பான், அது உங்களுக்கு விளையாட்டு.

அடுத்த வாரம் தேங்காப்பட்டணமாம், அறிவிப்பு வந்திருக்கிறது. வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் மட்டும் இறங்காதீர்கள். துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து கடலில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களே செத்திருக்கிறார்கள். அங்கேயும் யாராவது சாரம் கட்டியவர் கத்துவார். இந்தத் தடவை கேமராவை அணைத்துவிட்டு ஏறி வாருங்கள்.