பின்லாந்து இருக்கட்டும், நம்ம செயல்வழிக் கற்றல் என்ன ஆச்சு?

பின்லாந்து பள்ளிக்கூடம் பற்றிய காணொளி ஒன்று சில மாதங்களுக்கு ஒருமுறை என் முகநூலில் வந்து நிற்கும். ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு, மேல்நிலைப் படிப்பு முடிகிறவரை நாடு தழுவிய பொதுத்தேர்வு கிடையாது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படிக்கிறார்கள். கீழே, 'நம்ம ஊரில் இதெல்லாம் எந்தக் காலத்தில் வரப்போகிறது' என்று வரிசையாகப் பெருமூச்சுகள்.

ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. வந்ததே ஐயா! செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் நம் கண்முன்னால் வந்தது, நம் கண்முன்னாலேயே தேய்ந்தும் போனது. பெருமூச்சு விடுகிறவர்களில் பாதிப் பேர் அப்போது தங்கள் பிள்ளையை அதிலிருந்து எடுத்துக்கொண்டு மெட்ரிக் பள்ளிக்குப் போனவர்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் தமிழ்நாடு முழுக்க அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது செயல்வழிக் கற்றல். ஏறத்தாழ 37,000 பள்ளிகள். நாங்கள் ஏ.பி.எல். என்றுதான் சொல்வோம். முதலில் மாநகராட்சி ஆணையராகவும், பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராகவும் இருந்த எம்.பி.விஜயகுமார் முன்னின்று கொண்டுவந்தது. மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்திலுள்ள ரிஷி வேலி பள்ளி. சுற்றுவட்டாரக் கிராமத்துச் சின்னப் பள்ளிகளுக்காக அவர்கள் உருவாக்கிய அட்டை முறையை நம் பாடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரில் ஒவ்வொரு பாடத்துக்கும், கற்க வேண்டியதைப் படிப்படியாகக் காட்டும் ஓர் ஏணிப்படிப் படம். தான் எந்தப் படியில் இருக்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அந்தப் படிக்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஒரு குழு ஆசிரியருடன், இன்னொன்று கூடப் படிக்கிற பிள்ளையின் உதவியுடன், வேறொன்று தானாகப் படிக்க, கடைசியில் ஒன்று மதிப்பீட்டுக்கு. சுவரின் அடிப்பகுதியில் சுற்றிலும் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். எழுதியதும் வரைந்ததும் தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும். வருகையைக்கூடப் பிள்ளைகளே பதிந்துகொள்வார்கள்.

இதில் பாயும் பந்தலும் அலங்காரம் என்றே வைத்துக்கொள்வோம். உண்மையான மாற்றம் ஏணிப்படியில் இருந்தது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போகும் குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் பக்கம் அதிகம். அப்பா அம்மாவோடு போனால் திரும்பிவர மாதக்கணக்கில் ஆகும். பழைய வகுப்பில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, விளங்காததை மற்றவர்களைப் பார்த்து எழுதி, அடுத்த சூளைப் பருவத்தோடு நின்றுவிடும். ஏணிப்படியில் அப்படியில்லை. எந்த அட்டையில் விட்டதோ அங்கேதான் தொடங்கும். 'நீ இல்லாதபோது நடத்திட்டேன்' என்று எந்த ஆசிரியரும் சொல்ல முடியாது, ஏனென்றால் மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம் என்று ஒன்று நடக்கவே இல்லை. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும் மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கும் இதே வசதிதான். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றிருந்த பள்ளிக்கு இதைவிடப் பொருந்துகிற ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை.

குறை இல்லையா என்றால், நிறையவே இருந்தது. அட்டை கிழியும், தொலையும். மாற்று அட்டை வர நாளாகும். நன்றாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் எல்லா அட்டையையும் வரிசையாக முடித்தாக வேண்டும் என்று சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். அட்டையிலுள்ளதை அப்படியே பார்த்து எழுதிவிட்டு, அடுத்த படிக்குத் தாவிய பிள்ளைகளும் உண்டு. மொத்த வகுப்பையும் சுற்றி உட்காரவைத்து ஒரு கதை சொல்லலாம் என்றால் நேரம் இருக்காது. பார்வையிட வருகிறவர்கள் வேறு. பிள்ளை வாசிக்கிறதா என்று கேட்கும் முன்னால், காலநிலை அட்டவணையில் இன்றைய தேதி மாற்றியாச்சா, பந்தலில் புதுப் படைப்பு தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். அந்த வேகத்தில் எந்த நல்ல முறையும் சடங்காகிவிடும்.

ஆனாலும் அதைத் தேயவைத்தது இந்தக் குறைகள் என்று நான் நினைக்கவில்லை. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. பள்ளிக்கு வெளியே யாருடைய கணக்கும் மாறாததுதான் காரணம்.

பெற்றோரை எடுத்துக்கொள்ளுங்கள். பையன் வீட்டுக்கு நோட்டு கொண்டுவரவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, கேட்டால் 'அணில் அட்டை முடிச்சுட்டேன்' என்கிறான். பக்கத்து வீட்டு எல்.கே.ஜி. பிள்ளையோ நாலுகோடு நோட்டில் ஏ முதல் இசட் வரை பக்கம் பக்கமாக எழுதுகிறது. கூலி வேலைக்குப் போய்வந்த அம்மாவுக்கு எது படிப்பாகத் தெரியும்? 'சார், பசங்கள சும்மா விளையாட விடுறீங்களாம்ல' என்று என்னிடம் கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. தான் படிக்க முடியாமல்போன படிப்பு எப்படி இருக்கும் என்று அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கிறது. பெஞ்சு, சிவப்பு மை, மனப்பாடம், அடி. அந்தப் படத்தோடு ஒட்டாத எதையும் ஏழைக்குக் கொடுக்கிற இரண்டாம்தரச் சரக்கு என்றுதான் சந்தேகப்படுவார்கள். அந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அட்டை, பணக்காரப் பிள்ளைக்குப் பாடப்புத்தகமா என்று கேட்டால், அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல நாங்கள் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஆறாம் வகுப்பு. ஏணிப்படியில் நடந்து பழகிய பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போனால் அங்கே படைப்பாற்றல் கல்வி என்று ஒன்று காகிதத்தில் இருந்தது, மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல் என்று. ஆனால் அதற்கு மேலே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு உட்கார்ந்திருக்கிறது. மேலே இருக்கிற தேர்வு எப்படியோ, கீழே இருக்கிற வகுப்பும் நாளடைவில் அப்படியே ஆகிவிடுகிறது. 2017-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். என் கணக்கில் அது பல பயிற்சி வகுப்புகளைவிடப் பெரிய சீர்திருத்தம். ஆனால் அதே ஆண்டுதான் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு என்ற முடிவும் வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கைதான் அதை நீக்கியது. நடுவில் 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டு, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு! எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் வீட்டில் கேட்டால் 'நல்லதுதானே, அப்பதான் படிப்பான்' என்றவர்களும் உண்டு.

'பாரம்பரிய முறையே போதும்' என்கிறவர்களுக்கு ஒன்று. வயதுவாரியாகப் பிரித்து, வரிசையில் உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே பாடம் நடத்துவது அப்படியொன்றும் நம் பாட்டன் முப்பாட்டன் சொத்து கிடையாது. திண்ணைப் பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள், ஆளாளுக்கு ஒரு பாடம் ஓடியது, சட்டாம்பிள்ளை என்கிற மூத்த மாணவன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1789-இல் எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை இல்லத்தின் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் அவருடைய ஏற்பாடு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துவரை போனது. இதை வைத்துத் திண்ணைப் பள்ளிக்குத் திரும்புவோம் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பெண் பிள்ளைகள் அபூர்வம், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையே கிடையாது, பிரம்படிக்கும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத் தண்டனைக்கும் குறைவில்லை.

இப்போது 2022 முதல் தொடக்க வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பழைய ஏணிப்படியின் உயிர் இதில் கொஞ்சம் இருக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கைப்பேசியில் பதிவேற்றம், எமிஸ் என்கிற கல்வித்துறைத் தகவல் தளம், இணையவழி மதிப்பீடு என்று ஆசிரியரின் கண் பிள்ளையைவிட்டுத் திரைக்குப் போய்விடுகிறது. அன்று காலநிலை அட்டவணை, இன்று செயலி. வகுப்பறை பெஞ்சுகளை 'ப' வடிவில் போடுவது பற்றி 2025-இல் வந்த சர்ச்சையும் எனக்கு இப்படித்தான் தெரிந்தது. கழுத்து வலிக்குமா, வலிக்காதா என்று ஊரே விவாதித்தது. பெஞ்சைத் திருப்பிப் போட்டபின் ஆசிரியர் அதே மனப்பாடக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறார் என்றால் எந்த எழுத்தின் வடிவில் உட்கார்ந்தால் என்ன?

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிதாகத் திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை பற்றிப் பேசி முடித்ததும் அரை மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளைப் பெற்றோர் முன்னால் வாசிக்கவைக்க வேண்டும். பாடப்புத்தகத்தை வேண்டாம், அன்றைய செய்தித்தாளை. நோட்டைப் பார்த்து நம்பாத அம்மா அதைக் கேட்டு நம்புவார். அப்புறம், ஆறாம் வகுப்பில் முதல் மாதம் பாடம் நடத்த வேண்டாம். எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தொடக்கப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கிருந்து தொடங்கலாம். இதற்கு அரசாணைகூடத் தேவையில்லை. பல ஊர்களில் இரண்டு பள்ளிக்கும் நடுவில் இருப்பது ஒரு சுற்றுச்சுவர்தான். தலைமையாசிரியர்கள் ஒருநாள் மாலை உட்கார்ந்து பேசினால் போதும்.