கூட்டம் யார் பெயரைச் சொல்லிக் கத்துகிறது?

2025 செப்டம்பர் 13ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த கானெலோ அல்வாரெஸ் - டெரன்ஸ் கிராஃபோர்டு குத்துச்சண்டையை இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றாவது முறை பார்க்கும்போது குத்துகளைவிடக் கூட்டத்தின் சத்தத்தைத்தான் அதிகம் கவனித்தேன். கானெலோவின் குத்து கிராஃபோர்டின் கையில் பட்டு நின்றாலும் அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. கிராஃபோர்டின் இடது கை நேராகப் போய் முகத்தில் இறங்கும்போது அதில் பாதிச் சத்தம்கூட என் காதில் விழவில்லை. இத்தனைக்கும் சண்டை நடந்தது அமெரிக்காவில், கிராஃபோர்டு அமெரிக்கர், ஒமாஹாக்காரர். எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த அந்த மைதானத்தில் சொந்தப் பிள்ளையாக இருந்தது மெக்ஸிகோவிலிருந்து வந்த கானெலோதான்.

ஜெயித்தது கிராஃபோர்டு. மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள். இரண்டு எடைப்பிரிவு தாண்டி மேலே ஏறி வந்து, 37 வயதில், நான்கு உலக அமைப்புகள் கொடுக்கிற நான்கு சாம்பியன் பெல்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் 2017லேயே 140 பவுண்டு பிரிவின் நான்கு பெல்ட்டுகளும் இந்த மனிதரிடம் இருந்தன என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் நிற்க அவருக்கு அதற்கப்புறம் எட்டு வருஷம் ஆனது. அந்தக் கூட்டமும் பெரும்பாலும் எதிராளிக்காக வந்த கூட்டம்.

குத்துச்சண்டை வீரர் ஒருவர் பிரபலமாவதற்குத் திறமை முக்கியமா, அவர் எந்த நாட்டுக்காரர் என்பது முக்கியமா என்று நண்பர்களுக்குள் பேச்சு வரும்போதெல்லாம் நான் திறமை பக்கம்தான் வாதாடுவேன். இப்போது மாற்றிக்கொண்டுவிட்டேன். பிரபலம் என்று வந்தால் நாடுதான் முதலில், திறமை அதற்குப் பின்னால்தான். இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நாடு என்று நான் சொல்வது பாஸ்போர்ட்டை இல்லை. "இவன் நம்மாள்" என்று ஒரு கூட்டம் ஒருவரைப் பார்த்துச் சொல்லுமே, அதைத்தான் சொல்கிறேன்.

பிரபலமானால் என்ன, ஆகாவிட்டால் என்ன, ஜெயித்தால் போதாதா என்று கேட்கலாம். டென்னிஸாக இருந்தால் போதும். அங்கே ஜெயித்துக்கொண்டே போனால் இறுதிப் போட்டிக்கு வந்துதான் ஆக வேண்டும், யாரும் தடுக்க முடியாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படியில்லை. யார் யாரோடு மோதுவது என்பது புரமோட்டர்களும் (சண்டையை ஏற்பாடு செய்து விற்பவர்கள்) தொலைக்காட்சிக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வது. டிக்கெட் விற்பவர் எதிராளியைத் தேர்ந்தெடுப்பார், தேதியைச் சொல்வார், எடையைக்கூடச் சொல்வார். டிக்கெட் விற்காத திறமைசாலி காத்துக்கொண்டிருப்பார். குத்துச்சண்டை வீரருக்கு நல்ல வயது பத்து வருஷம்கூட இல்லை. அதில் மூன்று வருஷம் காத்திருப்பிலேயே போனால் திரும்பி வருமா?

கூட்டத்தின் சத்தம் எங்கே வரைக்கும் எட்டுகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2017இல் கானெலோவும் கஜகஸ்தான் வீரர் கோலோவ்கினும் மோதிய முதல் சண்டை டிராவில் முடிந்தது. அதில் ஒரு நடுவர் 118-110 என்று கானெலோவுக்குக் கொடுத்திருந்தார். அதாவது பன்னிரண்டு சுற்றுகளில் கோலோவ்கினுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. கோலோவ்கின் ஜெயித்ததாகவே பலரும் நினைத்த சண்டை அது. அந்த நடுவர் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நடுவர்களும் மனிதர்கள், ரிங்கை ஒட்டித்தான் உட்காருகிறார்கள், காதைப் பொத்திக்கொண்டு யாரும் உட்காருவதில்லை.

நாடு ஒரு வீரரைத் தூக்கிப் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1993 பிப்ரவரி 20ஐ விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மெக்ஸிகோ சிட்டியில் அஸ்டெகா மைதானம். கால்பந்து மைதானத்தின் நடுவே ஒரு ரிங். சுற்றிலும் ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் பேர். மெக்ஸிகோவின் ஹூலியோ சீசர் சாவெஸுக்கு எதிராக நின்றவர் கிரெக் ஹாகன் என்ற அமெரிக்கர். அவர் சண்டைக்கு முன்பு வாயை விட்டிருந்தார். சாவெஸ் இதுவரை அடித்ததெல்லாம் டிஹுவானா என்கிற மெக்ஸிகோ எல்லையூரின் டாக்ஸி டிரைவர்களைத்தான் என்றார். அத்தனை டிக்கெட் வாங்க மெக்ஸிகோவில் வசதியுள்ளவர்கள் ஏது என்றும் கேட்டார். சாவெஸ் அவரை முதல் நிமிஷத்திலேயே கீழே விழ வைத்தார், ஐந்தாவது சுற்றில் கதையை முடித்தார். பிறகு ஹாகனே, அந்த டாக்ஸி டிரைவர்கள் ரொம்ப முரட்டு ஆட்களாக இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். சாவெஸ் மகா திறமைசாலி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூட்டம் முழுக்கத் திறமையை ரசிக்க மட்டும் வந்தது என்றால் நான் நம்ப மாட்டேன். டாக்ஸி டிரைவர் என்று இளக்காரமாகச் சொன்னவனுக்குப் பதில் சொல்ல வந்த கூட்டம் அது.

பாஸ்போர்ட் இல்லை என்று சொன்னேனே, அதற்கும் சாவெஸ் கதையிலேயே சாட்சி இருக்கிறது. 1996இல் அவரை வீழ்த்தியவர் ஆஸ்கர் டி லா ஹோயா. மெக்ஸிகோவிலிருந்து குடியேறிய குடும்பம், லாஸ் ஏஞ்சலிஸின் கிழக்குப் பகுதியில் வளர்ந்த பையன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அமெரிக்கக் கொடியோடு மெக்ஸிகோ கொடியையும் கையில் பிடித்தவர். அப்படிப்பட்டவரை மெக்ஸிகோ ரசிகர்களில் பெரும்பாலானோர் ஏற்கவில்லை, சாவெஸ் பக்கம் நின்றார்கள். ரத்தம் ஒன்றுதான், ஆனால் ஆங்கிலம் பேசுகிற, பளபளப்பான முகம் அவர்களுக்கு நம்மாளாகத் தெரியவில்லை. அதே ரசிகர்கள் பல வருஷம் கழித்து, கஜகஸ்தானிலிருந்து வந்த கோலோவ்கினை அள்ளி அணைத்துக்கொண்டார்கள். பின்வாங்காமல் முன்னால் வந்து, ஒரு குத்து வாங்கி இரண்டு குத்து கொடுக்கிற தன் ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் "மெக்ஸிகன் ஸ்டைல்". உடைந்த ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார், கலிபோர்னியாவில் கூட்டம் எழுந்து நிற்கும்.

கிளிட்ச்கோ சகோதரர்கள் இன்னொரு வகை. உக்ரைன்காரர்கள். ஆனால் தொழில்முறை வாழ்க்கையை ஹாம்பர்கில் தொடங்கினார்கள், ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு டிவியில் ஜெர்மனில் பேசினார்கள், ஜெர்மானியர்கள் அவர்களைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 2009இல் கெல்சன்கிர்சென் கால்பந்து மைதானத்தில் தம்பி விளாடிமிர் சண்டை போட்டபோது அறுபதாயிரம் பேர் வந்தார்கள். அதே விளாடிமிர் 2006 முதல் 2015 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தும் அமெரிக்கர்களுக்கு ஆர்வம் வரவில்லை. ஒரே ஆள், ஒரே ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து), ஒரே வலது கை. எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் யாருக்கும் வேண்டாம்.

சரி, அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு, அங்கே பிறந்தவனுக்கு நாடு எவ்வளவு கைகொடுக்க வேண்டும் என்று தோன்றும். நான் பார்த்தவரை நேர்மாறு. சொந்த மண்ணில் அமெரிக்கன் யாருக்கும் பிரதிநிதி இல்லை, அவன் ஒரு சாம்பியன், அவ்வளவுதான். புலம்பெயர்ந்து போன ஐரிஷ்காரருக்கும் போர்ட்டோ ரிக்கோகாரருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கும்தான் ரிங்கில் தன் கொடி ஏறும்போது தொண்டை அடைக்கிறது. 2022 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் மோதினார்கள். இரண்டு பெண்கள் அந்த அரங்கின் முதன்மைச் சண்டையாக மோதுவது அதுவே முதல் முறை. பத்தொன்பதாயிரம் பேர், ஒரு இருக்கை காலியில்லை. பாதி அயர்லாந்துக் கொடி, பாதி போர்ட்டோ ரிக்கோ கொடி. அதே காலத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கிளாரிஸ்ஸா ஷீல்ட்ஸ் இருக்கிறார். மிச்சிகனில் பிறந்த அமெரிக்கர். அப்படி ஒரு கூட்டம் தனக்காக வர அவர் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்குப் பின்னால் நிறம் என்கிற கதையும் இருக்கிறது, அதைத் தொடாமல் போக முடியாது. 1908இல் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1910 ஜூலை 4 அன்று வெள்ளைக்காரரான முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அவர் வீழ்த்தியதும் பல ஊர்களில் கலவரம், உயிர்ச்சேதம். திறமையும் இருந்தது, அமெரிக்கக் குடியுரிமையும் இருந்தது, இரண்டும் அவரைக் காப்பாற்றவில்லை. பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 1982இல் லாரி ஹோம்ஸ் நான்கு வருஷமாகச் சாம்பியன். எதிரே ஜெரி கூனி, வெள்ளைக்காரர், சவால் விடுபவர். எப்போதும் சாம்பியனைத்தான் கடைசியாக அறிமுகப்படுத்துவார்கள். அன்றைக்கு ஹோம்ஸை முதலில் கூப்பிட்டார்கள். சொந்த நாட்டில், தன் பட்டத்தைக் காக்க வந்த மனிதர், சவால் விடுபவரின் பெயர் கடைசியாக ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டு ரிங்கில் நிற்கிறார். பதிமூன்றாவது சுற்றில் ஹோம்ஸ் ஜெயித்தார். எனக்கு அந்த முடிவைவிட அந்த அறிமுகம்தான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

இதே அமெரிக்கா 1938இல் ஜோ லூயிஸ் என்கிற கறுப்பின வீரர் பின்னால் நின்றது என்பதும் உண்மை. எதிரே ஜெர்மனியின் ஷ்மெலிங். 124 விநாடியில் சண்டை முடிந்தது. ஜான்சனை வெறுத்த நாடு லூயிஸைக் கொண்டாடியது, ஏனென்றால் அன்று எதிர்மூலையில் நின்றது ஹிட்லரின் நாடு. பாவம் ஷ்மெலிங், அவர் நாஜிக் கட்சிக்காரரும் இல்லை, அவருடைய மேனேஜர் ஒரு யூதர்.

பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியோவைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்பீர்கள், நியாயமான கேள்வி. 2001இல் லாஸ் வேகாஸில் தென்னாப்பிரிக்கச் சாம்பியன் லெட்வாபாவோடு மோத கடைசி நேரத்தில் மாற்று ஆளாக வந்தவர், அந்த ஊரில் பெரும்பாலானோர் அவர் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆறாவது சுற்றில் ஜெயித்தார். அப்புறம் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம். நாடு திறக்காத கதவைத் திறமை திறந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தத் திறமை? அடிக்கிற திறமை. நாலு பக்கமிருந்தும் மழை மாதிரி விழுகிற இடது கை. அதை ரசிக்க யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அடி வாங்காமல் இருக்கிற திறமைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்கரான ஃபிளாய்ட் மேவெதரின் தோளும் தலையும் நகர்கிற அழகு வேறு யாருக்கும் வராது, ஆனால் அவருக்குப் பெரிய பணம் வந்தது வில்லன் வேஷம் போட்ட பிறகுதான். அவர் தோற்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் காசு கட்டினார்கள். 2015இல் பாக்கியோவோடு மோதியபோது 46 லட்சம் பேர் வீட்டிலிருந்து பணம் கட்டிப் பார்த்தார்கள், இன்றுவரை அதுதான் சாதனை.

நாடே இல்லாமல், அடிக்கிற ஆட்டமும் இல்லாமல், அடிபடாத ஆட்டம் மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும்? கியெர்மோ ரிகோண்டோ. எனக்கு ரொம்பப் பிடித்த வீரர், இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். கியூபாக்காரர், 2000, 2004 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். கியூபாவில் 1962லிருந்து 2022 வரை தொழில்முறைக் குத்துச்சண்டைக்குத் தடை இருந்தது. 2007இல் ரியோவில் போட்டிக்குப் போன இடத்தில் தப்பிக்கப் பார்த்து, திருப்பி அனுப்பப்பட்டு, தேசிய அணியிலிருந்து ஒதுக்கப்பட்டார். 2009இல் ஒருவழியாக வெளியேறி அமெரிக்கா வந்தார். பிறந்த நாட்டுக்கு அவர் துரோகி. வந்த நாட்டில் அவருக்காகக் கொடி பிடிக்க ஆளில்லை.

2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நொனிடோ டொனேரோடு மோதினார். முந்தைய வருஷத்தின் சிறந்த வீரர் டொனேர்தான். ரிகோண்டோ அவரைக் காற்றைக் குத்த வைத்தார். டொனேர் கை நீட்டும் இடத்தில் ஒரு கணம் முன்புவரை ஒரு தலை இருக்கும், குத்து போய்ச் சேரும்போது இருக்காது, திரும்பி வரும் கையோடு ரிகோண்டோவின் இடது கையும் சேர்ந்து வரும். பத்தாவது சுற்றில் ஒரு முறை ரிகோண்டோ கீழே விழுந்தார், எழுந்து மறுபடி அதே வேலை. கடைசிச் சுற்றில் டொனேர் அடிபட்ட கண்ணைக் கையுறையால் மறைத்துக்கொண்டு நின்றார். ஒருமனதான வெற்றி. அதற்குப் பரிசு என்ன தெரியுமா? போரடிக்கிறது என்றார்கள். அவருடைய புரமோட்டரே, இவரை வைத்து விற்க முடியவில்லை என்று வெளிப்படையாகப் புலம்பினார். பெரிய தொலைக்காட்சிகள் ஒதுங்கின. அந்த உச்சத்தில் இருந்த ஒரு கலைஞனுக்குப் பெரிய சண்டை கிடைக்கவே நாலரை வருஷம் ஆனது, அதுவும் இரண்டு பிரிவு மேலே ஏறி உக்ரைனின் லோமசென்கோவோடு. அதற்குள் வயதும் போய்விட்டது.

மெக்ஸிகோவில் பிறந்து இதே ஆட்டத்தை ஆடியிருந்தால் குறைந்தது ஒரு மைதானமாவது நிறைந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் ஆட்டத்தைப் பிடிக்கவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும். அந்த டொனேர் சண்டையைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, ரிகோண்டோவின் கால்களை மட்டும் நாலு சுற்று பாருங்கள்.