பள்ளிக்குள் விட்டார்கள், பாட விடவில்லை

1957 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த பள்ளியில் சேரப் போய், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தனியாக நடந்து வரும் 15 வயதுக் கறுப்பினப் பெண் எலிசபெத் எக்ஃபோர்ட். பின்னால் கத்திக்கொண்டே வரும் வெள்ளையர் கூட்டம்.

அவர் துணிச்சலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அவர் போட்டிருந்த உடையைப் பாருங்கள். புதுப் பள்ளியின் முதல் நாளுக்கென்று அவரே தைத்தது. வெள்ளைத் துணி, பாவாடையின் கீழ்ப்பகுதியில் கட்டம் போட்ட துணி. எந்த ஊர்ப் பெண்பிள்ளைக்கும் இருக்கிற ஆசைதானே அது! கூட்டத்தில் கனிவாகத் தெரிந்த ஒரு வயதான அம்மாவை உதவிக்காகப் பார்த்தார். அந்த அம்மா அவர்மீது துப்பினார்.

அதே நாளில் அமெரிக்காவின் சார்லட் நகரில் டோரத்தி கவுன்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண், பாட்டி தைத்துக் கொடுத்த உடையில் வெள்ளையர் பள்ளிக்குப் போனார். அவர்மீதும் துப்பினார்கள். நான்கே நாளில் நின்றுவிட்டார். நன்றாக உடுத்தி அடக்கமாக நடந்தால் மதிப்பார்கள் என்று வீட்டில் சொல்லி வளர்த்த பெண்கள் இவர்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தானாகக் கிடைக்கிற மரியாதை, எவ்வளவு பார்த்துப் பார்த்து உடுத்தினாலும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

லிட்டில் ராக்கில் அந்த வெள்ளையர் பள்ளியில் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் பெண்கள். ராணுவப் பாதுகாப்போடு உள்ளே போன பிறகும் அவர்களுக்கு விளையாட்டு, மேடை எதுவும் கிடையாது. அந்த ஆறு பேரில் ஒருவரான மின்னிஜீன் பிரவுனுக்குப் பாட ஆசை. விடவில்லை. 16 வயதில் சக மாணவிகளோடு சேர்ந்து பாட முடியாதென்றால் அதை எப்படி ‘சேர்க்கை’ என்பது? டிசம்பரில் உணவுக்கூடத்தில் வெள்ளை மாணவர்கள் நாற்காலிகளைத் தள்ளி அவரை வழிமறித்தார்கள். அவர் கையிலிருந்த தட்டு இரண்டு பையன்கள்மேல் விழுந்தது. சஸ்பெண்ட். அப்புறம் 1958 பிப்ரவரியில், தன்னை அடித்த பெண்ணைத் திருப்பித் திட்டியதற்காகப் பள்ளியை விட்டே நீக்கினார்கள். ‘ஒன்று போச்சு, இன்னும் எட்டு’ என்று அட்டை அச்சடித்துக் கொண்டாடினார்கள் வெள்ளை மாணவர்கள். பெண்பிள்ளை என்றால் பொறுத்துப்போக வேண்டும் என்ற விதி இவருக்கு மட்டும்தான். அடித்தவளும் பெண்தானே?

மின்னிஜீன் நியூயார்க்குக்குப் போய், உளவியல் ஆய்வாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதி வீட்டில் தங்கிப் படித்தார். கறுப்பினக் குழந்தைகள் பலர் வெள்ளைப் பொம்மையைத்தான் ‘நல்ல பொம்மை’ என்று கைகாட்டுகிறார்கள் என்பதை ஆய்வில் காட்டியவர்கள் அவர்கள். பள்ளிப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய ஆய்வையும் எடுத்துக்காட்டியது. அந்தத் தீர்ப்பை நம்பிப் பள்ளிக்குப் போன பெண், கடைசியில் அவர்கள் வீட்டில்தான் அடைக்கலமானார்.