உறைபனிக்கு அட்டவணை போட்டவர்களே, வாட்டத்துக்கு ஒரு வரி போடக்கூடாதா?

லேண்ட்ஸ்கேப்பிங், அதாவது வீட்டைச் சுற்றிய நிலத்தைச் சீரமைப்பது பற்றி, யாரும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் கிடக்கும் கட்டுரையைப் படித்தால் வயிறு எரிகிறது. செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்து, சுற்றி நாலு மரம் செடி வைக்கலாம் என்று கைபேசியில் தேடுகிறவருக்கு முதலில் வந்து நிற்பது அதுதான். உள்ளே என்ன இருக்கிறது? 'நடவுக்கு ஏற்றது வசந்த காலம்.' எந்த ஊர் வசந்தம்? பங்குனி, சித்திரையில் நம் செம்புறாங்கல் (லேட்டரைட்) தரையில் கன்று வைத்தால் வைகாசியில் விறகு. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசிக்குள் குழி வெட்டி ஆறப்போட்டு, முதல் நல்ல மழை இறங்கியதும் நட்டால்தான் கோடைக்குள் வேர் கீழே போகும். நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிற பையனைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

அடுத்த கொடுமை, அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டல அட்டவணை. ஓர் இடத்தின் குளிர்காலக் கடுங்குளிர் எத்தனை பாகைக்கு இறங்கும் என்பதை வைத்துப் போட்டது அது. அந்த நாட்டுக்கு அருமையான கருவி, மறுக்கவில்லை. உறைபனியையே பார்க்காத காரைக்குடிக்காரர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? இங்கே செடியைக் கொல்வது மே மாத வெயிலும், கார்த்திகையில் வேரடியில் தேங்கும் தண்ணீரும்.

'நிழல் மரங்களைத் தெற்கே நடுக' என்று ஒரு வரி. நாம் இருப்பது வடக்கே ஏறத்தாழ 10 பாகையில். சித்திரை தொடங்கி ஆவணி முற்பகுதி வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். வெயில் கொளுத்துகிற மாதங்களில் தெற்குச் சுவருக்கு உச்சி வெயிலே கிடையாது. இங்கே முதலில் மறைக்க வேண்டியது மேற்கு வெயிலை, பிறகு வடமேற்கை. இதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டுரையில் பாதி புல்வெளி. யாராவது கணக்குப் போட்டார்களா? கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று குறைத்தே வைத்தாலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஒரு சென்ட் என்பது 40 சதுர மீட்டர் சொச்சம். ஆக ஒரு சென்ட் புல்லுக்குத் தினம் 200 லிட்டர், 5 சென்ட்டுக்கு 1000 லிட்டர். தெருக்குழாயில் குடம் வரிசை கட்டி நிற்கும் மாதத்தில்!

இதெல்லாம்கூடப் போகட்டும். வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தரைக்குக் கொடுக்கிற சரிவு, அதைப் பற்றி ஒரே ஒரு வரி கிடையாது. விவரமான கொத்தனார் தளத்துக்கு வந்ததும் பார்ப்பது அதைத்தான். வீட்டு அடிமானத்திலிருந்து முதல் 10 அடிக்குள் மண் தரை 6 அங்குலம் இறங்க வேண்டும். கல்லோ சிமெண்டோ பாவிய தரை என்றால் 10 அடிக்கு இரண்டரை அங்குலம் போதும். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, முளை அடித்து, நூல் கட்டிப் பார்க்கிற வேலை, அவ்வளவுதான். அதை விட்டுவிட்டுச் செடி வாங்கப் போனால், மழைத் தண்ணீர் அடிமானத்தில் நின்று சுவரில் ஓதம் ஏறும். தலைமுறைகளாக நின்ற சுண்ணாம்புப் பூச்சு பொருக்கு விட்டு உதிரும். பதறிப்போய் அதன்மேல் சிமெண்ட் பூசுவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். தோட்டம் போட்ட செலவைவிடச் சுவர்ச் செலவு பெரிதாகிவிடும்.

செம்புறாங்கல் தரையில் வெட்டுகிற மரக்குழி பல இடங்களில் தொட்டிபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மூன்றுக்கு மூன்று, ஆழமும் 3 அடி வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு வடியவிட்டு, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். மறுநாளும் நின்றால் அடியைக் கடப்பாரையால் உடைக்க வேண்டும். அதற்கும் வடியவில்லையா, அந்த இடத்தில் வேம்பு தாங்காது, மருதம் தாங்கும். கட்டட வேலை தொடங்கும் முன்பே அரை அடி மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவித்து வைக்க வேண்டும் என்பதும் கட்டுரையில் இல்லை. வழிக்காமல் விட்டால் அந்த மண் சிமெண்டு இடிபாடுகளுக்குள் புதைந்து, காரம் ஏறி, பிறகு வைக்கிற செடியின் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளடிக்கும். உடனே உரக்கடைக்கு ஓட்டம். பாலித்தீன் பையில் வருஷக்கணக்கில் சுருண்ட வேரை அறுத்துவிடாமல் நட்டால் காற்றுக்கு மரம் பிடுங்கிக்கொண்டு வரும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகாவது இதற்கு ஒரு பத்தி வேண்டாமா?

'ஆத்தங்குடிக் கல் சுட்ட களிமண் ஓடு' என்று வேறு எழுதியிருக்கிறது. சூளையையே பார்க்காத கல் அது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மழை படும் நடைபாதையில் பதித்தால் வழுக்கும், வெயிலில் நிறமும் வெளுக்கும். வெளியே போடுவதற்குக் கொத்திய கருங்கல் பலகை இருக்கிறது.

வீட்டு நடுமுற்றமான வளவில் விழுகிற மழை கிணற்றுக்கும், தெருக்கால்வாய் வழியாக ஊர்க்குளமான ஊருணிக்கும் போய்ச் சேருகிற மாதிரி வாட்டம் பார்த்து ஊரையே கட்டியிருக்கிறார்கள் இங்கே. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு, கரைமரம் எதற்கும் கட்டுரையில் இடமில்லை. 1858-இல் தேர்வான நியூயார்க் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புக்கு மட்டும் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது. அது இருக்க வேண்டியதுதான். பக்கத்தில் ஊருணிக்கு நாலு வரி கொடுத்தால் குறைந்தா போகும்?

சரி, நம்மவர்கள் திருத்துகிற லட்சணம்? அது இதற்குமேல். 'உலகுக்கே தோட்டக்கலை கற்பித்தவர்கள் நாம்' என்று சான்றில்லாமல் ஒரு பத்தி. சம்பந்தமே இல்லாமல் காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு. ஒருவர் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பையும் விடவில்லை. நீக்கினால் சண்டை.

திருத்துவதென்றால் ஒழுங்காகத் திருத்துங்கள். மொத்தக் கட்டுரையையும் ஒரே சேமிப்பில் மாற்றினால் வேறொருவர் மொத்தத்தையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவார். பிரிவு பிரிவாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் எழுத வேண்டும். குளிர்நாட்டுத் தகவலை அழிக்காமல் தனித் தலைப்பின் கீழ் நகர்த்தினால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். 'குழி வெட்டுங்கள்' என்று ஏவல் போட்டால் கையேடு என்று சொல்லி நீக்குவார்கள், நியாயம்தான். 'செம்புறாங்கல் நிலத்தில் மரக்குழி 3 அடி ஆழத்துக்கு வெட்டப்படுகிறது' என்று தகவலாக எழுதி, அந்த வாக்கியத்தின் முடிவிலேயே சான்றைப் பக்க எண்ணோடு போடுங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீடு, இந்தியத் தர நிர்ணய ஆவணம், மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) எதுவும் செல்லும். 'எங்க ஐயா சொன்னாக' செல்லாது. ஐயா சொன்னது சரியாகவே இருந்தாலும் செல்லாது.

படத்தையும் மாற்றுங்கள். இணையத்தில் உருவிய படம் உரிமைச் சிக்கலில் போய்விடும். சொந்தமாக எடுத்த ஊருணிப் படித்துறை படத்தை, ஊர்ப் பெயரும் எடுத்த மாதமும் போட்டு ஏற்றுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வற்றியபின் அதே இடத்தில் ஒன்று. கடைசியில் வெளி இணைப்புகள் என்ற பெயரில் தொலைபேசி எண்ணோடு தொங்குகிற நர்சரி விளம்பரங்களை நீக்க யாரிடமும் பேச்சுப் பக்கத்தில் அனுமதி கேட்க வேண்டியதில்லை.