அடைப்புக்குறி போட்டால் கை வலிக்குமா?

எட்டாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. கணக்கு ஒன்றும் பிரமாதமில்லை. எக்ஸின் மதிப்பு −2. எக்ஸ் வர்க்கத்தின் மும்மடங்கிலிருந்து எக்ஸ் கனத்தைக் கழிக்க வேண்டும். 3 × (−2)² − (−2)³ என்று பிரதியிட்டால் 12 + 8, விடை 20. தீர்ந்தது வேலை.

பிள்ளைகள் எழுதுவதோ 3 × −2² − −2³. இரண்டு கழித்தல் குறிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. எழுதுகிற கை கொஞ்சமாவது கூச வேண்டாமா? பிறகென்ன, ஒருவனுக்கு −4, இன்னொருத்திக்கு 4. அதைவிட எரிச்சல், அடைப்புக்குறியே இல்லாமல் 20 என்று சரியான விடையில் போய் முடியும் நோட்டு. மதிப்பெண்ணைக் குறைத்தால் மறுநாளே அப்பா வந்து நிற்கிறார்: "விடை சரிதானே சார், அடைப்புக்குறிக்குப் போயா மார்க்கைக் குறைப்பீர்கள்?"

ஆமாம் ஐயா, அதற்குத்தான்! (−2)² என்றால் குறியோடு சேர்த்து வர்க்கம், 4. −2² என்றால் இரண்டுக்கு மட்டும் வர்க்கம், கழித்தல் குறி வெளியே நிற்கும், −4. அடுக்கு எதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதோ அதற்கு மட்டுமே சொந்தம். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த "மைனஸும் மைனஸும் பிளஸ்" மந்திரம். பெருக்கும்போது, வகுக்கும்போது என்ற பாதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் ஒப்பிக்க வைத்தது யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். −3 − 5 என்று கொடுத்தால் கூசாமல் 8 என்கிறார்கள். குறை எண்ணைக் கடன் என்றும் மிகை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லி, இரண்டு கடன்களைப் பெருக்கினால் செல்வம், கூட்டினால் கடன்தான் என்று கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628இலேயே பிரித்துப் பிரித்து எழுதிவைத்துவிட்டார். எழுதி என்ன பயன்?

போதாக்குறைக்குக் கணினி வேறு. எக்செலில் =-3^2 என்று தட்டினால் (^ என்பது அடுக்கு) 9 வருகிறது. எண்ணுக்கு முன்னால் ஒட்டிய கழித்தல் குறிக்குத்தான் அங்கே முதல் மரியாதை. பைத்தான் நிரல்மொழியில் -3**2 என்று கொடுத்தால் (அங்கே ** தான் அடுக்கு) பள்ளிப் பாடம் சொல்வதுபோல −9. ஒரு பையன் எக்செலைக் காட்டி என்னிடம் வாதாடினான். அதே எக்செலில் =0-3^2 என்று தட்டச் சொன்னேன். −9 வந்தது. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் பரீட்சையில் எதை எழுதட்டும் சார்?" என்கிறான்.

அடைப்புக்குறியை எழுதடா அப்பா!